காலிதீனின் காது

காலிதீனுடைய இரண்டு காதுகளுக்கும் சேர்த்து றஸாக் ஹாஜியார் போட்டிருந்த விலை மாதம் தொண்ணூறாயிரம் ரூபாய். பகல் சாப்பாடு புறம்பு. எங்கள் ஊர் நெல்லுக்கு விலை பேசும், சூரை மீனுக்கு விலை பேசும், காணிக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே குரலில் விலை பேசும். ஆனால் ஒரு மனிதனின் காதுக்கு விலை பேசி, கொடுத்தவனும் வாங்கியவனும் நட்டப்படாமல் எழும்பியது ஹாஜியாரின் மில்லில் மட்டும்தான். அடுத்த மில்காரர் ஒரு லட்சம் தருவதாக ஆள் விட்டபோது ஹாஜியார் பதறவில்லை. காலிதீனின் வீட்டுக்கு இரண்டு மூட்டை சம்பா அரிசி அனுப்பிவைத்தார். காது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

மில் கல்முனையிலிருந்து சொறிக்கல்முனை போகிற றோட்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. உள்ளே நெல்லைத் தூக்கிக் கொட்டுகிற எலிவேற்றர், உமி நீக்குகிற றப்பர் உருளைகள் இரண்டு சோடி, தீட்டுகிற மெசின், அரித்துப் பிரிக்கிற சல்லடை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். புதிதாக வருகிறவனுக்கு அது ஒரு பேரிரைச்சல். கையைக் காட்டித்தான் கதைப்பான். காலிதீன் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கவே மாட்டான். வெளியே உமிக் குவியலுக்கு ஓரமாகக் கதிரை போட்டு, பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான். பார்க்கிறவனுக்கு ஹாஜியார் ஏமாந்துபோனார் என்றுதான் தோன்றும். திடீரென்று கோப்பையைக் கீழே வைப்பான். உள்ளே போய் சுவிச்சை நிப்பாட்டுவான். திறந்து பார்த்தால் உருளைக்குள் மஞ்சாடி விதை அளவில் ஒரு கல் இருக்கும்.

சொறிக்கல்முனை நல்லரெத்தினம் பெரும்போக நெல் கொண்டுவந்த ஒரு நாள் அப்படித்தான் நிப்பாட்டினான். கரண்டு நட்டம் என்று ஹாஜியார் முகத்தைச் சுளிக்க, சல்லடைக்குள் கையை விட்டு காதுத் தோட்டின் திருகுச் சுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நல்லரெத்தினத்தின் பெண்சாதி செல்லத்தங்கம் அறுவடைக்காலம் முழுக்கக் களத்தில் குனிந்து தேடிய சுரை அது. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் கையை விரித்துக் காட்டினான். அவனுக்கே தெரியாது. நூறு சத்தத்துக்குள் ஒரு புதுச் சத்தம் வந்தால் கழுத்து தானாகத் திரும்பும், கால் தானாக எழும்பும், அவ்வளவுதான் என்பான்.

இரண்டு வருசத்துக்கு முந்திய மாரியில், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, மில்லுக்குள் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு ஈரக் கையோடு காலிதீன் பம்பின் வயரைப் பிடித்தான். தூக்கி எறியப்பட்டவனின் நெஞ்சு நின்றுபோயிருந்தது. மூட்டை சுமக்கிற கேதீஸ்வரன் முதலுதவி வகுப்பில் படித்ததை நினைவில் வைத்திருந்தான். நெஞ்சில் ஏறிக் குத்திக் குத்தி மூச்சைத் திருப்பினான். நாலு நிமிடம் என்று சிலர் சொன்னார்கள், ஆறு என்று சிலர். பிறகு டொக்டர்கள் அந்த நிமிடங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நேரத்தில் மணிக்கூடு பார்த்தவன் யாரும் இல்லை. காலிதீனின் பெண்சாதி றாஹிலா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

நாற்பது நாளைக்குப் பிறகு காலிதீன் ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வந்தான். கீரி மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டது என்றான். அஞ்சு நேரத் தொழுகையை ஓதல் பிசகாமல் தொழுதான். கலியாணத்தன்று யார் யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று சொன்னான். ஊர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனது. பத்து நாள் போன பிறகுதான் றாஹிலாவுக்கு விளங்கியது: பழைய சாமான் எல்லாம் கடையில் இருக்கிறது, புதிதாக ஒரு சாமானும் உள்ளே போகவில்லை. காலையில் சொன்னது பகலில் இல்லை. பகல் சாப்பிட்டது அஸர் தொழுகைக்கு இல்லை.

சித்திரை மாதத்தில் பிள்ளை பிறந்தது. றுஸ்தா என்று பெயர் வைத்தார்கள். வலது காதில் பாங்கு சொன்னவன் காலிதீன்தான். குரல் நடுங்காமல் சொன்னான். மறுநாள் காலை தொட்டிலைக் கண்டுவிட்டு, யாருடைய பிள்ளை என்று கேட்டான்.

"நம்மட புள்ள மச்சான்."

"நம்மட புள்ளயா? எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே றாஹிலா நீ." பிறகு குனிந்து பிள்ளையின் நெற்றியை முகர்ந்து, மாஷா அல்லாஹ் என்றான். கண் கலங்கிவிட்டது.

முதல் மாதத்தில் றாஹிலாவுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. எந்தப் புருசன் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் தகப்பனாகிச் சந்தோசப்படுகிறான்? ஆறாம் மாதத்தில் அவள் பதிலைச் சோற்றைக் கிளறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

காது போனது தெரியவந்தது அதற்கும் பிறகு. ஹாஜியார், பழைய வேலைதானே, பழக்கம் இருக்கும் என்று மறுவருசப் பெரும்போக அறுவடை நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கதிரையில் இருத்தினார். இரண்டாம் நாள் எலிவேற்றரிலிருந்து ஆணி கழன்று உருளைக்குள் விழுந்தது. வயலில் நின்ற மாடுகள்கூடத் தலை தூக்கின. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியோடு ஓடிவந்தார்கள். காலிதீன் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தான். ஹாஜியார் அவன் தோளைப் பிடித்துக் கேட்டார், சத்தம் கேட்கவில்லையா என்று.

"கேட்டிச்சி ஹாஜியார்."

"கேட்டா ஏன்டாப்பா எழும்பல்ல?"

காலிதீன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "எழும்பணும் எண்டு வரல்ல" என்றான்.

ஹாஜியார் வியாபாரி, கெட்டுப்போன சாமானை ஒரு பார்வையில் அறிகிறவர். ஆனால் அன்று அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடவில்லை. தன் காரிலேயே காலிதீனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, றாஹிலாவிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டும்படி சொல்லி, செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பிப் போகும்போது கேற்றைச் சாத்த மறந்துவிட்டார்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூளையின் அலைகளைப் பதிகிற அறையில் வேலைசெய்த பெண் விதுஷா, எங்கள் பக்கத்துப் பாண்டிருப்புக்காரி. அவ்வளவு தூரம் வந்தும் கடற்கரைப் பேச்சைக் கேட்ட ஆறுதலில் றாஹிலா அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டாள். காலிதீனின் தலையில் வயர்கள் தொங்குகிற தொப்பியை மாட்டி, கூழ் மாதிரி ஒன்றைத் தடவி, காதுக்குக் கவசம் போட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் விதுஷா. ஒரு தடித்த ஒலி திரும்பத் திரும்ப வரும். இடைக்கிடை கீச்சென்ற ஒலி ஒன்று வரும். கீச்சென்று வந்தால் மட்டும் அமத்த வேண்டும். அவ்வளவுதான் அவனிடம் சொன்னது. சொல்லாத சத்தங்களும் நடுவில் இருந்தன: நாய் குரைப்பது, கண்ணாடி உடைவது, இரும்பு நிலத்தில் விழுவது.

றாஹிலா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் பெருவிரல் மட்டும் அசைந்தது. முகம் அமைதியாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை சோதினை எழுதுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

முடிந்த பிறகு விதுஷா இரண்டு கோடுகளைத் திரையில் காட்டினாள். சுகமான ஆளுக்கு நாய்ச் சத்தம் வந்தவுடன் கோடு பால் பொங்குகிற மாதிரி எழும்பும். அதே சத்தம் பத்துத் தரம் வந்தால் பழகி அடங்கும். காலிதீனின் கோடு நாய்க்கும் எழும்பவில்லை, கண்ணாடிக்கும் எழும்பவில்லை. கீச்சென்ற ஒலிக்கு மட்டும் எல்லாரையும் போல எழும்பியிருந்தது. ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை.

"காதில ஒரு குறையும் இல்ல அக்கா" என்றாள் விதுஷா. "சத்தம் உள்ள போகுது. நாம சொல்லிக்குடுத்த சத்தத்த அவர் ஒண்டும் விடல்ல. சொல்லாத சத்தம் வந்தா, இதென்ன புதுசா எண்டு உள்ளுக்க இருந்து ஒராள் தட்டோணும். தட்டினாத்தான் கழுத்துத் திரும்பும். அவருக்கு அந்த ஆள் இல்ல."

பிறகு கடதாசியில் ஒரு கடற்குதிரை வரைந்தாள். மூளையின் இரண்டு பக்கத்திலும் உள்ளே இந்த வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறதாம். மூச்சு நின்றால் முதலில் சாகிற இடங்களில் அதுவும் ஒன்றாம். புதியதைப் புதியது என்று அறிவதும், அறிந்ததைப் பிடித்து வைப்பதும் அதற்குள்தானாம். கடற்குதிரை றாஹிலாவுக்குத் தெரிந்த சாமான். கரைவலையில் கழிவோடு வந்து மணலில் காயும், சின்ன வயதில் நூல் கட்டி இழுத்து விளையாடியிருக்கிறாள். அதற்கு யாரும் விலை கேட்டதில்லை.

அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அப்ப தங்கச்சி, சொல்லிக்குடுத்தா செய்வாரா?"

சொன்னது மனதில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குச் செய்வார் என்றாள் விதுஷா. பிறகு, எல்லாவற்றையும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடம் கெடவில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகும். ஏன் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் பழகும்.

திரும்பி வருகிற பஸ்ஸில், மஹியங்கனை வளைவுகளில் பிள்ளை வாந்தியெடுக்க, காலிதீன் ஜன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வர, றாஹிலா அந்த ஒரு சொல்லை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்தாள். கை பழகும்.

வீட்டில் அவளுடைய காக்கா நிப்றாஸ் காத்திருந்தார். கல்முனை பஸாரில் துணிக்கடை. ஒரு முழத் துணிக்கு அரை மணித்தியாலம் பேசுகிறவர், தங்கச்சியின் விசயத்தில் நாலே சொல்லில் பேசினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். அந்தப் பெட்டி திரும்பத் தாய் வீட்டுக்குப் போனால் காரணம் என்னவென்று யாரும் கேட்பதில்லை, முடிந்துவிட்டது என்று தெருவே விளங்கிக்கொள்ளும். நிப்றாஸ் சொன்னது, பெட்டியைக் கட்டு என்பதுதான். மருதமுனையில் காலிதீனின் உம்மா இருக்கிறா, தங்கச்சி ஸுஹைறா இருக்கிறாள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. போன கிழமை வந்தபோது, காலிதீன் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, அவன் காலடியில் பிள்ளை படியால் உருண்டு விழுந்து வீரிட்டதையும், அவன் பக்கத்தைப் புரட்டியதையும் தன் கண்ணால் கண்டிருந்தார். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: நீ ஒரு மணித்தியாலம் வெளியே போனால் பிள்ளையை யாரிடம் விடுவாய்? றாஹிலா வீட்டில் அபாயா தைத்துக்கொண்டிருந்தாள். துணி வெட்டுகிறவளாக நாளுக்கு நாலு மணித்தியாலம் அவருடைய கடையில் வந்து நின்றால்தான் குடும்பத்துக்குப் போதுமான வருமானம் வரும். பக்கத்து வீட்டு சல்மா உம்மாவுக்கு முழங்கால் பிடிப்பு. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட ஏலாது.

"அவரே பாப்பாரு" என்றாள் றாஹிலா. "எனக்கு ரெண்டு மாசம் தாங்க காக்கா. அதுக்குப் பொறகு ஒரு மணித்தியாலம் நீங்களே நிண்டு பாருங்க. பாக்க ஏலாட்டி, நானே பெட்டிய கட்டித் தாறன்."

பேரம் படிந்தது. இரண்டு பக்கமும் கை கொடுக்காத பேரம்.

விரலில் மோதிரம் மாதிரி மாட்டி, அல்லாஹ்வின் பெயரை ஓதி ஓதிப் பெருவிரலால் அமத்தினால் எண் ஏறுகிற தஸ்பீஹ் இப்போது பள்ளிவாசலடிக் கடைகளில் எல்லாம் தொங்குகிறது. மணி உருட்டிய ஆட்கள்கூட அதற்கு மாறிவிட்டார்கள். பஸ் காத்து நிற்கிறவன், மீன் வாங்க நிற்கிறவள், எல்லார் பெருவிரலும் அசைந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரிப் பொத்தானைப் பார்த்தபோதே அது றாஹிலாவின் மனதில் விழுந்துவிட்டது. பச்சை நிறத்தில் ஒன்று வாங்கிவந்து காலிதீனின் வலக்கைச் சுட்டுவிரலில் மாட்டினாள். பிள்ளை அப்போதுதான் வாப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தது. முதல் எழுத்து சரியாக வராது. உதட்டை ஒட்டி ஒரு தரம் ஊதிவிட்டுத்தான் சொல்லும்.

கச்சான் காத்து தொடங்கியிருந்த காலம். வயல் பக்கமிருந்து அடுப்புக்குள் கையை விட்ட மாதிரி அடிக்கும். வாசல் முழுக்க உமியும் புழுதியும். காலையில் புட்டு அவித்து இறக்கியதிலிருந்து பகல் ஆணம் கூட்டுகிற வரைக்கும் றாஹிலா தையல் மெசினில் மிதித்துக்கொண்டே பாடம் நடத்தினாள். பிள்ளை வாப்பா என்றால், "அமத்துங்க மச்சான்" என்பாள். அவன் அமத்துவான். அவள் எழும்பிவந்து பிள்ளையைத் தூக்குவாள், வேண்டியதைக் கொடுப்பாள், அவனைப் பார்த்துச் சிரிப்பாள். ஐந்து நிமிடத்தில் அவன் கையைத் தூக்கிப் பார்த்து, இதென்ன என்பான். மறுபடி முதலிலிருந்து. இரண்டு கிழமைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கிழமை ஒரு பகல், அவள் குசினியில் இருக்க, பிள்ளை கூப்பிட்டது. கதவிடுக்கால் பார்த்தாள். அவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெருவிரல் மட்டும் அசைந்தது. அசைந்த பிறகு அவன் தன் விரலை, வேறு யாருடையதோ போலத் திரும்பிப் பார்த்தான். றாஹிலா தேங்காய்த் துருவலோடு நிலத்தில் இருந்து அழுதாள். நல்ல அழுகை.

அவள் விட்ட பிழை என்னவென்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் ஆட்கள்தான் அந்தப் பிழையை விட முடியும். தஸ்பீஹ் எண்ணுகிறவனுக்கு எண்ணுவதுதான் அமல், அதுவே நன்மை. முப்பத்து மூன்று முடித்தவனை, சரி, அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எண்ணியாகிவிட்டது, பதிந்தாகிவிட்டது, மேலே எழுதிக்கொள்வார்கள். இரண்டு மாதமும் விரல் அசைந்தால் அவள் உள்ளம் நிறைந்தது. பிள்ளையிடம் எழும்பிப் போனது, ஒவ்வொரு தரமும், அவள்.

தவணை முடிந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிப்றாஸ் வந்தார். றாஹிலா எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். புருசனிடம், கடைக்குப் போய்வருகிறேன், பிள்ளை கூப்பிட்டால் பாருங்கள் என்றாள். தலையை ஆட்டினான். அடுப்பில் நெருப்பு இல்லை, கிணற்றுக்கு மூடி போட்டிருந்தது, கேற்றுக்குக் கொளுக்கி போட்டிருந்தது. பாயில் சட்டி மூடிகளும் ஒரு அகப்பையும் விளையாடக் கிடந்தன.

இரண்டு பேரும் சல்மா உம்மாவின் வளவுக்குள் போய் மதிலடியில் நின்றார்கள். ஆணக் கோப்பை கைமாற்றுவதற்காக இரண்டு கல் எடுத்த ஓட்டை அங்கே இருந்தது. அதனூடே விறாந்தையில் இருந்த காலிதீனின் பின்கழுத்தும் வலக்கையும் தெரிந்தன. பிள்ளை தெரியவில்லை, சட்டி மூடியின் சத்தம் கேட்டது. சல்மா உம்மா கதிரை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தா.

பிள்ளை கூப்பிட்டது. விரல் அசைந்தது. நிப்றாஸ் குனிந்து பார்த்தார், புருவம் உயர்ந்தது. றாஹிலா தன் விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினாள், திக்று எண்ணுகிற மாதிரி. அஞ்சு. எட்டு. விளையாட்டுக் கூப்பிடு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெருவிரல் சொல்லிவைத்த மாதிரி இறங்கியது. "பாத்தீங்களா காக்கா" என்று அவள் கிசுகிசுத்தாள். முகம் கலியாணப் பெண்ணின் முகமாகியிருந்தது.

இருபதுக்குப் பிறகு சட்டி மூடியின் சத்தம் நின்றது. ஏதோ இரும்பு அசைந்தது. கூப்பிடு நெருக்கமாக வந்தது. முப்பதில் அது அழுகையாகிவிட்டது.

நிப்றாஸ் போகத் திரும்பினார். றாஹிலா அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"பொறுங்க. இப்ப எழும்புவாரு."

"புள்ள அழுகுது றாஹிலா."

"அழுகத்தான் செய்யும். எழும்பினாத்தானே தெரியும். ஒரு கூப்புடு பாருங்க. ஒண்டு."

அவள் கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை. விரல் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கழுத்து அசையவில்லை. கச்சான் கதவொன்றை அடித்தது, அதற்கும் அசையவில்லை. சல்மா உம்மா கதிரையைப் பிடித்து எழும்பி நின்று, இது வெறும் அழுகை இல்லை, நோவு அழுகை என்றா. றாஹிலாவின் பிடி இறுகியது. ஐம்பத்தைந்து. நிப்றாஸின் சட்டையில் பொத்தான் ஒன்று தெறித்தது. பிள்ளையின் குரல் கம்மிப்போய், உதட்டை ஒட்டி ஊதுவது மட்டும் கேட்டது. அதையும் அந்த விரல் விடவில்லை. அவளும் விடவில்லை. அறுபத்து மூன்று.

பிறகு சத்தம் நின்றது. அது நின்றதற்குத்தான் றாஹிலா ஓடினாள்.

தையல் மெசினின் மிதிப் பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பிள்ளையின் வலது கால் குதி வரைக்கும் இறங்கி மாட்டியிருந்தது. இழுத்து இழுத்துத் தோல் உரிந்து, சிமெந்தில் இரத்தம் ஒரு தட்டளவு. பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. காலிதீனின் கதிரை இரண்டு எட்டுத் தள்ளி இருந்தது.

அவளைக் கண்டவுடன் அவன் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கி எண்ணைக் காட்டினான். "பாரு றாஹிலா, ஒண்டும் விடல்ல." அவள் குனிந்த இடத்தை அப்போதுதான் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் துள்ளி எழும்பி, முழங்காலில் விழுந்து, தன் சாறன் தலைப்பால் இரத்தத்தை ஒற்றினான். சக்கரத்தைத் தோளால் தூக்கிப் பிடித்தது அவன்தான். மெசின் தெரிந்தவனின் கை, பிள்ளைக்கு நோகாமல் காலை எடுத்தது. "யார்ர புள்ள கா இது?" என்றான், கண்ணில் தண்ணீரோடு. "பாவம். இவ்வளவு நேரமும் ஒருத்தரும் பாக்கல்லியா?"

டிஸ்பென்சரியில் நாலு தையல் போட்டு ஊசி அடித்தார்கள். பிள்ளை தூங்கிவிட்டது. பகல் யாரும் சாப்பிடவில்லை. காலிதீன் மட்டும் சாப்பிட்டான், காலையில் நடந்தது அவனிடம் இல்லை. நிப்றாஸ் அவனுக்கு முன்னால் இருந்து, மெல்ல அவன் கையை எடுத்து எண்ணைப் பார்த்தார். பிறகு தங்கச்சியிடம், நீ எத்தனை எண்ணினாய் என்று கேட்டார்.

"அறுவத்தி மூண்டு."

துணிக்கடைக்காரர். இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய கணக்கு ஒரு சதமும் பிசகாமல் வந்தால் அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வடை வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, வந்த வேலைக்கு மாறான ஒன்றைச் சொன்னார்.

"விரல் பழகியிரிக்கு. கால் பழகாதா? இன்னமும் ரெண்டு மாசம் பாப்பம் கா. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

றாஹிலா நிலத்தில் காய்ந்திருந்த இரத்தத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விரலுக்குத்தான் படிப்பிச்ச, காலுக்குப் படிப்பிக்கல்ல. அது என்ர பிழ. படிப்பிச்சா அவரு எழும்புவாரு, எனக்குத் தெரியும்." துணியைப் பிழிந்தாள். "அவருக்கு நீங்க ரெண்டு மாசம் குடுப்பீங்க காக்கா. எனக்குக் குடுக்காதீங்க. என்ர தலையில ஒரு குறையும் இல்ல, புதுச் சத்தமும் கேக்கும், பழைய சத்தமும் கேக்கும். நானும் எண்ணிக்கிட்டுத்தானே நிண்ட."

நிப்றாஸ் சட்டையில் பொத்தான் போன இடத்தைத் தடவினார்.

பெட்டியை அவளே கட்டினாள். ஐந்து சாறன், மூன்று சட்டை, தொப்பி இரண்டு, அவனுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல். மில் சாவிக் கொத்தை எடுத்து வைத்தாள், பிறகு வெளியே எடுத்து, பிறகு மறுபடியும் வைத்தாள். விரலிலிருந்த தஸ்பீஹைக் கழற்றப் போனவள் கழற்றாமல் விட்டுவிட்டாள்.

அஸருக்குப் பிறகு முச்சக்கர வண்டி வந்தது. உம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதில் காலிதீனுக்குச் சந்தோசம். ஒரு கிழமையாக உம்மாவைக் காணவில்லை என்றான். முந்தாநாள்தான் உம்மா வந்து போயிருந்தா. நிப்றாஸ் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் ஏறினார்.

"நீயும் வாவன் றாஹிலா."

"பொறகு வாறன் மச்சான்."

அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை, கட்டுப் போட்ட காலை அவன் பார்த்தான். கேட்பதற்கு உதடு பிரிந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"நம்மட புள்ள."

"மாஷா அல்லாஹ்" என்றான் காலிதீன். நெற்றியை முகர்வதற்கு எட்டிப் பார்த்தான். வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது.

றுஸ்தா உதட்டை ஒட்டி ஊதிக் கூப்பிட்டாள். வண்டி றோட்டு முனையில் திரும்புகிற வரைக்கும் நாலு தரம். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் கண்ணாடியில் அவன் பின்கழுத்து தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த வலக்கையும் தெரிந்தது. கழுத்து திரும்பவில்லை. பெருவிரல் நாலு தரம் இறங்கியது.

ஆக, அன்று றுஸ்தா கூப்பிட்டது அறுபத்தேழு. காலிதீனின் விரலில் விழுந்தது அறுபத்தேழு. அவன் பேரில் பாக்கி இல்லை. றாஹிலாவின் பேரில் அறுபத்து மூன்று நிற்கிறது.